டர்பனில் ஒரு போக்கர் பயிற்சி வகுப்பு: ஆறு சனிக்கிழமைகளும் ஆயிரத்து எண்ணூறு ராண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சமூகக் கூடத்தின் மாடியில் ஆறு சனிக்கிழமைகள் பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை நடந்த போக்கர் பயிற்சி வகுப்பில் நானும் என் மாமனாரும் கலந்துகொண்டோம். கட்டணம் ஆளுக்கு 1,800 ராண்ட். அதில் ஒரு குறிப்பேடும் இடைவேளைத் தேநீரும் அடக்கம். வகுப்பை நடத்துபவரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் சில அவருக்கு மட்டும் உரியவை அல்ல, போக்கர் கற்றுத்தருவதாக விளம்பரம் செய்யும் பலருக்கும் பொருந்துபவை.

என்னை அங்கே அழைத்துச் சென்றது விளம்பரத் தாளில் இருந்த ஒரே வரி: ‘போக்கர் 80 சதவீதம் திறமை, 20 சதவீதம் அதிர்ஷ்டம்.’ காப்பீட்டுத் துறையில் கணக்குப் பார்த்துப் பிழைப்பவன் நான். இப்படிப்பட்ட எண்ணைக் கண்டால், எதை எதனால் வகுத்தார்கள் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியாது. மாமனார் வந்ததற்குக் காரணம் வேறு. டர்பன் தமிழர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கும் துனி ஆட்டத்தில் ஐம்பது ஆண்டுகளாகக் கை வைத்தவர் அவர். சீட்டில் தமக்குத் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்று நிரூபிக்க வந்தார்.

துனியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவை, ஏனென்றால் இந்த வகுப்பை நான் அளந்தது அந்தக் கோலால்தான். நான்கு பேர் இரண்டு கட்சிகளாக ஆடும் துருப்பாட்டம் அது. ஒவ்வொரு நிறத்திலும் (இஸ்பேட்டு, ஆட்டின், கிளாவர், டைமன் என நான்கு) ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி என்னும் ஆறு சீட்டுகள் மட்டுமே உண்டு. ஆக மொத்தம் 24. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என மதிப்பு வைத்துக் கூட்டினால் கட்டு முழுவதற்கும் 304 வரும். யாழ்ப்பாணத்தார் ஆடும் ‘முந்நூற்றிநாலு’ ஆட்டத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இதே கூட்டலால்தான் என்பதைச் சொன்னபோது மாமனாருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. துனி என்ற பெயரே ‘தண்ணி’யிலிருந்து வந்தது என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள்.

துனியில் எல்லாச் சீட்டுகளும் பிரிக்கப்பட்டுவிடுகின்றன. துருப்பு ஜாக்கி என் கையில் இல்லையென்றால், அது மற்ற மூவரில் ஒருவரிடம் இருந்தே தீரும். ஏலம் கேட்பதற்கு முன் அது என் கூட்டாளியிடம் இருப்பதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஒவ்வொரு சுற்றும் விழ விழ, நினைவாற்றல் உள்ளவருக்கு மறைவு குறைந்துகொண்டே போகும். போக்கரிலோ ஆறு பேர் அமர்ந்த மேசையில் ஆளுக்கு இரண்டு சீட்டுகளும் நடுவில் ஐந்தும் சேர்த்து 17 சீட்டுகள்தான் கட்டை விட்டு வெளியே வருகின்றன; மீதி 35 யார் கண்ணிலும் படாமலே மீண்டும் கலைக்கப்படுகின்றன. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் மாமனாரின் திறமைக்கு அங்கே ஏறக்குறைய வேலையே இல்லை என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. அவர் அதை எளிதில் ஏற்கவில்லை.

முதல் வாரம் டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகையின் விதிகளோடு கழிந்தது: ஆளுக்கு இரண்டு மறைசீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, இவற்றிலிருந்து சிறந்த ஐந்தை அமைப்பவர் வெல்வார்; இடையிடையே பந்தயம் வைக்கலாம் அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். விதி தெரிந்தவர்கள் அன்று வரவில்லை என்றாலும் இழப்பு இல்லை.

இரண்டாம் வாரம் எண்கள் வந்தன, ஆசிரியரும் உயிர்பெற்றார். கையில் விழும் இரண்டு சீட்டுகளுக்கு 1,326 சேர்க்கைகள் உண்டு. அவற்றில் இரண்டு ஏஸ்களும் சேர்ந்து வருபவை ஆறு மட்டுமே, அதாவது 221 கைகளுக்கு ஒன்று. மேசையில் மணிக்கு இருபத்தெட்டுக் கைகள் ஆடினால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தச் சோடி வரும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் எதிர்பார்ப்பது வேறு, வருவது வேறு. அப்படி வந்த ஏஸ் சோடி எதிராளியின் ராஜா சோடியோடு கடைசிவரை மோதினால் நூற்றுக்கு ஏறத்தாழ 82 முறை வெல்லும். ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவரை, போக்கரின் மிக மட்டமான கை என்று பேர்பெற்ற ஏழும் இரண்டும் கூட மூன்றில் ஒருமுறை சாய்த்துவிடும். இந்த எண்ணைக் கேட்டதும் வகுப்பில் பன்னிரண்டு பேரும் ஒருசேர முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. துனியில் மட்டமான கை நல்ல கையை இத்தனை முறை வெல்வதில்லை.

அன்று மாலையே அதற்குச் சான்றும் கிடைத்தது. எங்கள் மேசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஏஸ் சோடியோடு தம் வில்லைகள் (பந்தயமாக வைக்கும் பிளாஸ்டிக் சில்லுகள்) அனைத்தையும் முன்னே தள்ளினார். எதிரே இருந்த இளைஞரிடம் இரண்டு ஏழுகள். கடைசிச் சீட்டாக மூன்றாவது ஏழு விழுந்தது. ஐந்தில் ஒருமுறை நடக்கக்கூடியது நடந்தது, அவ்வளவுதான். “கை நல்லா வந்தா எல்லாரும் கெட்டிக்காரன்தான், மாப்பிள்ளை” என்று மாமனார் என் காதருகே சொன்னார். ஆசிரியர் பலகையில் இரண்டு பத்தி வரைந்து, ஒன்றில் அந்த அம்மையார் எடுத்த தீர்மானத்தையும் மற்றதில் அதன் விளைவையும் எழுதி, முதலாவதற்குச் சரி என்றும் இரண்டாவதற்குத் தவறு என்றும் குறியிட்டார். அவருக்குத் தமிழ் அதிகம் வராது. வந்திருந்தால், நம் மொழியில் ‘முடிவு’ என்ற ஒரே சொல் நாம் எடுப்பதையும் நமக்கு நேர்வதையும் சேர்த்துக் குறிக்கிறது என்பதை அவரிடம் சொல்லியிருப்பேன். போக்கரில் பயிற்சி என்பதே அந்த ஒரு சொல்லை இரண்டாகப் பிளக்கும் வேலைதான் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் வாரம், பந்தயத்தின் விலையை வெல்லும் வாய்ப்போடு ஒப்பிடும் கணக்கு. நடுவில் 240 இருக்கிறது. எதிராளி 80 வைக்கிறார். ஆக, 80 கொடுத்து 320-ஐ வெல்ல நமக்கு வாய்ப்பு. ஐந்தில் ஒருமுறை, அதாவது 20 சதவீதம் வென்றாலே கைக்கு நட்டமில்லை. நம்மிடம் ஒரே நிறத்தில் நான்கு சீட்டுகள் சேர்ந்திருந்து ஐந்தாவதுக்குக் காத்திருந்தால், தெரியாத 47 சீட்டுகளில் ஒன்பது நமக்கு உதவும், அது 19.1 சதவீதம். மயிரிழையில் நட்டம். ஆனால் அந்தச் சீட்டு விழுந்தபின் எதிராளி மேலும் பணம் போடுவார் என்று நம்பினால் அதே கணக்கு லாபமாக மாறும். ‘நம்பினால்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் திறமை குடியிருக்கிறது. ஒன்பதை நாற்பத்தேழால் வகுப்பது யாருக்கும் ஒரு மாலைப்பொழுதில் வந்துவிடும். எதிரே இருப்பவர் எதை வைத்துக்கொண்டு எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு ஓர் எண் வைப்பது எளிதில் வராது. இந்த வேறுபாட்டை ஆசிரியர் மிகத் தெளிவாக, அவசரமில்லாமல் விளக்கினார். கட்டணத்தில் பாதி இந்த ஒரு நாளிலேயே ஈடாகிவிட்டது என்று அன்றே என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

நளன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் அன்று. தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் தேரில் இருந்தபடியே எண்ணிச் சொன்ன இருதுபன்னனிடம்தான் நளன் சூதின் நுட்பத்தைக் கற்றான். தனக்குத் தெரிந்த குதிரை வித்தையை அதற்கு விலையாகக் கொடுத்தான். தோற்று நாடிழந்தவன் மறுமுறை வென்றதற்கு நம் முன்னோர் சொன்ன காரணம் கிரகம் விலகியது மட்டுமல்ல, எண்ணக் கற்றதும்தான். இதை மாமனாரிடம் சொன்னபோது, சனி விலகியதை நான் குறைத்துச் சொல்வதாக அவர் கடிந்துகொண்டார்.

நான்காம் வாரம்தான் இந்த வகுப்பை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. இரண்டு மேசைகளுக்கும் ஒரே வரிசையில் முன்கூட்டியே அடுக்கப்பட்ட கட்டுகள் வைக்கப்பட்டன. எங்கள் மேசையில் மூன்றாம் இருக்கைக்கு என்னென்ன சீட்டுகள் வந்தனவோ, அவையே அடுத்த மேசையின் மூன்றாம் இருக்கைக்கும் வந்தன. நடுவில் விழுந்தவையும் ஒன்றே. இருபத்து நான்கு கைகள் முடிந்தபோது நான் 1,850 வில்லைகள் இழந்திருந்தேன். அங்கே என் இருக்கையில் இருந்த செவிலியர் ஒருவர் 420 மட்டுமே இழந்திருந்தார். எனக்கும் அவருக்கும் ராஜாவும் ராணியும் ஒரே நிறத்தில் வந்த கையில் நடுவில் ராஜா விழுந்தது. நான் மூன்று பந்தயங்களுக்கும் ஈடுகொடுத்து, இறுதியில் இரண்டு சோடி வைத்திருந்தவரிடம் தோற்றேன். செவிலியரோ இரண்டாவது பந்தயத்தின் அளவைப் பார்த்துச் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். எனக்கு அன்று வாய்த்தது கெட்ட கை என்று என்னால் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. அதே கெட்ட கை அவருக்கும் வாய்த்தது.

இது ஆசிரியரின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. 2017 சனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தாரின் லிப்ரேட்டஸ் என்னும் கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்தனியே மோதியபோதும் இதே முறைதான் பின்பற்றப்பட்டது: ஒரு அறையில் மனிதருக்கு வந்த சீட்டுகள் அடுத்த அறையில் கணினிக்குப் போயின. இருபது நாட்களில் 1,20,000 கைகள் ஆடி, கணினி ஏறத்தாழ 17 லட்சத்து 66 ஆயிரம் டாலர் மதிப்புள்ள வில்லைகளால் வென்றது. சீட்டின் பங்கைச் சமன்செய்தபிறகும் அவ்வளவு கைகள் வேண்டியிருந்தன என்பதை ஆசிரியர் அழுத்திச் சொல்லியிருக்கலாம். எங்களுடைய இருபத்து நான்கு கைகளில் எதிரே இருந்தவர்களும் வேறு வேறு ஆட்கள். ஆகவே அந்தச் செவிலியர் என்னைவிட 1,430 வில்லை அளவுக்குத் திறமையானவர் என்று பொருளில்லை. என்னைவிடத் திறமையானவர் என்பதில் எனக்கு ஐயமும் இல்லை.

ஐந்தாம் வாரத்துக்கு வருகிறேன். இந்த விமர்சனத்தை எழுதத் தூண்டியது இதுதான்.

ஆசிரியர் எல்லோருக்கும் ஒரு வரைபடத் தாள் கொடுத்தார். அதில் இருபது கோடுகள். ஒவ்வொரு கோடும் கணினியில் உருவாக்கப்பட்ட ஓர் ஆட்டக்காரரின் 10,000 கைகள். இருபது பேருக்கும் திறமை சரிசமம்: நூறு கைகளுக்குச் சராசரியாக ஐந்து ‘பெரிய கட்டாயப் பந்தயம்’ (ஒவ்வொரு கையிலும் ஒருவர் முறைவைத்துக் கட்டாயம் வைக்கும் தொகை; லாபநட்டத்தை அளக்கும் அலகும் அதுவே) லாபம் ஈட்டக்கூடியவர்கள், அதாவது, நல்ல ஆட்டக்காரர்கள். ஆனால் அந்த நூறு கைகளுக்குள் ஏற்ற இறக்கம், புள்ளியியலார் திட்ட விலக்கம் என்பது, ஏறத்தாழ 90 பந்தயம். பத்தாயிரம் கைகளின் முடிவில் இருபது கோடுகளில் ஆறு பூச்சியத்துக்குக் கீழே கிடந்தன. வீட்டுக்கு வந்து நானே கணக்கிட்டுப் பார்த்தேன்: எதிர்பார்க்கும் லாபம் 500, விலகல் 900, நட்டத்தில் முடியும் வாய்ப்பு 29 சதவீதம். தாள் பொய் சொல்லவில்லை.

இனி இதைக் காலமாக மாற்றிப் பாருங்கள். வாரத்துக்கு ஒருநாள் நான்கு மணி நேரம் ஆடுபவருக்கு 110 கைகள் கிடைக்கும். பத்தாயிரம் கைகளுக்கு 91 வாரங்கள் வேண்டும், ஏறத்தாழ இருபத்தொரு மாதங்கள். அத்தனை காலம் சரியாக ஆடியவர்களில் பத்துக்கு மூன்று பேர் கைப்பணத்தை இழந்து நிற்பார்கள். தாம் திறமையற்றவர் என்று நம்பியும் விடுவார்கள். அதைவிட மோசம், சுமாராக ஆடுபவர்களில் சிலர் அதே காலத்தில் லாபத்தில் இருப்பார்கள். தாம் வல்லவர் என்று நம்புவார்கள். நட்ட வாய்ப்பு நான்கு சதவீதமாகக் குறைய வேண்டுமானால் ஒரு லட்சம் கைகள் ஆட வேண்டும். சனிக்கிழமை ஆட்டக்காரருக்கு அது பதினேழு ஆண்டுகளுக்கும் மேல்.

ஆக, 80-க்கு 20 என்ற விளம்பர வரிக்குப் பொருளே கிடையாது. ஒரு கையில் அதிர்ஷ்டம் பெரும்பங்கு. ஒரு லட்சம் கைகளில் திறமை பெரும்பங்கு. இடையில் எத்தனை கைகள் என்று சொல்லாமல் சதவீதம் சொல்வது, எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லாமல் பெட்ரோல் செலவு சொல்வதைப் போன்றது. 2010-இல் நடந்த உலகப் போக்கர் தொடரை ஆராய்ந்த ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் ஆகிய இரு பொருளியலாளர்கள், திறமைசாலிகள் என முன்கூட்டியே அடையாளம் காணப்பட்டவர்கள் போட்ட பணத்துக்குச் சராசரியாக 30 சதவீதம் லாபமும் மற்றவர்கள் 15 சதவீதத்துக்கும் மேல் நட்டமும் கண்டதாகச் சொன்னார்கள். திறமை உண்மை என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அது நூற்றுக்கணக்கானவர்களின் கூட்டுச் சராசரி. அடுத்த சனிக்கிழமை மேசையில் உட்காரப்போகும் ஒருவருக்கு அது எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

இவ்வளவு முக்கியமான பாடத்துக்கு ஆசிரியர் ஒதுக்கியது நாற்பது நிமிடம். மீதி நேரம் வழக்கம்போல ஆட்டம். ஏன் என்று ஆறாம் வாரம் புரிந்தது: கணினிப் பயிற்சி மென்பொருள் ஒன்றின் ஆண்டுச் சந்தாவை விற்பதற்காகவே அந்த நாள் வைக்கப்பட்டிருந்தது. ‘முறையாகப் பயின்றால் கூடுதல் வருமானம்’ என்று ஒரு படம் திரையில் வந்தது. முந்தைய வாரம் அவரே கொடுத்த இருபது கோடுகளை அந்தப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் துணிவு எனக்கு இருந்திருக்கலாம். மரியாதை கருதி இருந்துவிட்டேன். மாமனார் இருக்கவில்லை. “தம்பி, அந்த ஆறு பேருக்கும் சந்தாப் பணம் திரும்பக் கிடைக்குமா?” என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தார்கள்.

இன்னொரு பெரிய குறை, ஆட்டம் நடக்கும் சூதாட்ட விடுதி எடுத்துக்கொள்ளும் பங்கைப் பற்றி ஆறு வாரத்தில் ஒரு சொல் கூட இல்லாதது. ஓர் எடுத்துக்காட்டாக, பெரிய கட்டாயப் பந்தயம் 10 ராண்ட் உள்ள, ஒன்பது பேர் ஆடும் மேசையில் கைக்குச் சராசரி 10 ராண்டை விடுதி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு கைகளுக்கு 1,000 ராண்ட் மேசையை விட்டுப் போகும். ஒருவர் தலையில் 111 ராண்ட், அதாவது பதினொரு பந்தயம். மேற்சொன்ன நல்ல ஆட்டக்காரரின் லாபமோ ஐந்து பந்தயம்தான். விடுதிக்குக் கொடுத்தபின் ஐந்து மிஞ்ச வேண்டுமானால் அவர் பதினாறு ஈட்ட வேண்டும். ரூலெட் சுழல்சக்கர மேசையில் 37 குழிகளில் ஒன்று விடுதிக்கு என்பது எல்லோருக்கும் தெரிகிறது. போக்கரில் எதிரே இருப்பவரைத்தான் வெல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் இந்தக் கசிவு கண்ணில் படுவதில்லை.

சட்டத்தைப் பற்றி ஆசிரியர் கவனமாகவே இருந்தார்; அதற்குப் பாராட்டு. வகுப்பில் ஒரு சென்ட் கூடப் பந்தயமாக வைக்கப்படவில்லை. உரிமம் பெற்ற இடத்துக்கு வெளியே காசுக்கு ஆடக்கூடாது, இணையப் போக்கருக்கு இந்நாட்டில் உரிமமே கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் 2004-ஆம் ஆண்டு தேசியச் சூதாட்டச் சட்டம், விளைவைத் தீர்மானிப்பது ஆடுபவரின் திறமையா, அதிர்ஷ்டமா, இரண்டுமா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மூன்றில் எதுவாயினும் காசு கட்டி ஆடிப் பரிசு பெறும் வாய்ப்பு இருந்தால் அது சூதாட்டமே. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த இளைஞர் ஒருவர், 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னதை எடுத்துக்காட்டினார். 2025-இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இணையத்தில் காசு வைத்து ஆடும் எல்லா ஆட்டங்களையும், திறமை என்றும் அதிர்ஷ்டம் என்றும் பாராமல், தடைசெய்துவிட்டது என்பதை நான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

சில்லறைக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வில்லைகள் மெல்லிய பிளாஸ்டிக், அடுக்கினால் சரிகின்றன. தேநீர் நன்றாக இருந்தது. ‘மனக்கட்டுப்பாடு’ என்ற தலைப்பில் ஆறாம் வாரம் நடந்த அரைமணி நேரப் பேச்சு, மூச்சை இழுத்து விடுங்கள் என்பதைத் தாண்டவில்லை. தொடர்ந்து தோற்பவர் இழந்ததை மீட்கும் வேகத்தில் எப்படிக் கணக்கை மறக்கிறார் என்பதை ஆசிரியர் எங்கள் ஆட்டத்திலிருந்தே காட்டியிருக்கலாம், எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை.

நிகழ்தகவைப் புத்தகத்தில் படித்துக் கைக்கு வராமல் தவிப்பவர்கள், கல்லூரியில் புள்ளியியல் எடுத்திருக்கும் பிள்ளைகள், தீர்மானத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்கப் பழக விரும்புபவர்கள் 1,800 ராண்ட் தாராளமாகக் கொடுக்கலாம். வருமானத்துக்காக வர நினைப்பவர்கள் அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருக்கட்டும். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருவேன். ஆறாம் வாரத்தை எடுத்துவிட்டு ஐந்தாம் வாரத்தை இரண்டு நாளாக நீட்டினால் நான்கரை. மாமனார் ஒன்றுக்கு மேல் தர மறுக்கிறார். ஆனால் சென்ற ஞாயிறு துனி மேசையில், துருப்பு ஜாக்கி தம் கையில் இல்லாதபோது, “மூன்றில் ஒன்று” என்று அவர் வாய்க்குள் முனகியதை நான் கேட்டேன்.

அடுத்த பிரிவில் சேர்பவர்களுக்கு: கூடத்துக்கு மின்தூக்கி இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து வரவும்; நாற்காலிகள் பலகை போன்றவை, ஒரு மெத்தை கொண்டுவருவது நல்லது. ஐந்தாம் வாரத்துக்குக் கைப்பேசியில் நல்ல ஒளிப்படக் கருவி இருக்கட்டும். அந்த வரைபடத் தாளை வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.